கரையை வெட்டிய படம்

எங்கள் ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வரும் பெண்களின் சேலையைத்தான் என் மாமனார் முதலில் பார்ப்பார். "நீலம் வேண்டாம்மா, வெள்ளையா விழுந்துடும். வூட்டுக்குப் போயி வேற கட்டிக்கிட்டு வாங்க" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும், கல்யாணத்துக்கு எடுத்த சேலையே அதுவாக இருக்கும். அவர் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். விளக்கம் சொல்வது என் வேலை.

நாங்கள் காமிராவில் போடும் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு அதைக் கழுவ முடிகிறது. அதற்குத் தெரியாததெல்லாம் படத்தில் கறுப்பு. நீலமோ அதற்கு அளவுக்கு மீறித் தெரியும். அதனால் நீல வானம் வெறும் காகிதமாக விழும், நீலச் சேலை வெள்ளைச் சேலையாக விழும். உலகத்தில் இருக்கும் நிறம் ஒன்று, தகடு எடுத்துக்கொள்ளும் நிறம் வேறொன்று. இவ்வளவுதான் விஷயம். இது புரிய மந்திரம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் ஓடு போட்ட இரண்டு அறைகள்தான் ஸ்டூடியோ. பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான் விக்கிரமங்கலத்துப் பெண். என் அப்பா வரகும் கம்பும் போடுகிறவர், கைநாட்டு. அவருடைய அப்பாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எட்டாம் வகுப்பு தேறினேன். மாமனார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு மருந்து டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது.

"இதுல என்ன போட்டிருக்கு? படி புள்ள."

தடுமாறாமல் படித்தேன். எத்தனை பங்கு தண்ணீர், எவ்வளவு சூடு என்று தமிழில் அர்த்தமும் சொன்னேன். அவர் எழுந்து என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நடந்த பெண் பார்ப்பு அதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலை நிமிரும்.

கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் என் கணவர் மலாயாவுக்குப் போனார், ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்கு. ஸ்டூடியோ வருமானத்தில் நாலு பேர் சாப்பிட முடியாது. போன கொஞ்ச நாளில், ஊர் திரும்பிய ஒருவரிடம் எனக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பினார். மழை விட்ட வானத்தின் நீலம். கரையில் மெல்லிய கறுப்புக் கோடு. பிறகு ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. சேலை மட்டும் என்னிடம் இருந்தது.

யுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு கார்த்திகை மாசம். பல வருஷம் காய்ந்து கிடந்த ஏரிகள் அந்த மழையில் நிறைந்தன. உடையார்பாளையம் பக்கத்துப் பண்ணையார் ஒருவர், தன் ஏரி நிறைந்து நிற்பதைப் படமாக எடுத்துக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று காரியஸ்தரை அனுப்பினார். "தண்ணி தெரியணும். பாத்தா கண்ணு நெறையணும். அவ்வளவுதான் ஐயா சொன்னாரு" என்றார் காரியஸ்தர். தகடு கிடைக்காத காலம் அது. எங்களிடம் பெரிய தகடு ஒன்றே ஒன்று இருந்தது. மாமா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

வண்டி கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பினோம். காற்று எழுவதற்கு முன் எடுத்தாக வேண்டும், காற்று வந்தால் தண்ணீரில் உருவம் நிற்காது. நான் நீலச் சேலை கட்டியிருந்தேன். படத்தில் எனக்கு இடமில்லை என்பதால் எதைக் கட்டினால் என்ன என்று நினைத்தேன்.

ஏரி ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. எதிர்க்கரைப் பனைமரங்கள் தண்ணீருக்குள்ளும் அதே உயரத்துக்கு இறங்கி நின்றன. மாமா இந்தக் கரையில் ஸ்டாண்டை ஊன்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். என்னை அந்தக் கரைக்கு அனுப்பினார். எருமைகள் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பனைக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். அதுதான் எனக்கு உத்தரவு. ஆனால் அவர் காமிராவின் மூடியைக் கழற்றப் போகும் நேரத்தில் ஒரு எருமை நேராகத் தண்ணீரைப் பார்த்து நடந்தது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். அது நின்றது. எதிர்க்கரையிலிருந்து மாமா கத்தினார்.

"அசையாத! அப்படியே நில்லு! அசையாதடி ஆத்தா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னத் துவாரத்தில் எடுக்கும் படம், மூடி திறந்து கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரம் முழுக்க நானும் எருமையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலையே தகட்டைக் கழுவி, மறுநாள் ஒரு பிரிண்ட் போட்டோம். மேல் பாதி சரியில்லை. வானம் வெறும் வெள்ளை. கரையில் சாணிக் குவியல், இடிந்த மதகு, எருமை, நான். கீழ்ப் பாதிதான் படம். செம்மண் கலந்த தண்ணீர் கறுத்துப் பளபளத்தது. அதற்குள் பனைகள் தலைகீழாக இறங்கியிருந்தன.

எந்த அளவில் வெட்டுவது என்று பார்க்க, 'ட' எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகள் வைத்திருந்தோம். பழைய காலண்டர் அட்டையில் நான்தான் வெட்டிக் கொடுத்தேன். இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். தள்ளத் தள்ளச் சின்னதாகும், பெரிதாகும். மாமா மேல் அட்டையை மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே வந்தார். வானம் போனது. பனைக்கொண்டைகள் போயின. எருமை போனது, மதகு போனது. என் தலை, இடுப்பு, கால் எல்லாம் அட்டைக்கு அடியில் போயின. தண்ணீர் தொடங்கும் கோட்டில் அட்டையை நிறுத்தினார்.

கரையில் நின்ற நான் இல்லை. தண்ணீரில் இருந்த நான் மட்டும் இருந்தேன், கால் மேலே, தலை கீழே.

"மாமா, நான் உள்ள நிக்கிறனே."

"நில்லேன். அதான் அழகு. கரையில ஆளக் காணும், தண்ணியில ஆளு இருக்கு. பாக்கிறவன் ஒரு நிமிஷம் நின்னு பாப்பான் பாரு" என்றார். கத்தியை எடுத்து, கண்ணாடிப் பட்டையை வைத்து, ஒரே இழுப்பில் வெட்டினார். அவர் முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பண்ணை வீட்டுக் கூடத்தில் நான் தொங்கப் போகிறேன்.

சட்டம் போட்டுக் கொடுத்த படம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. காரியஸ்தர் அதைத் துணியில் சுற்றி, உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க வேல இது? நெறஞ்ச ஏரியக் கேட்டா, தாலியறுத்த பொம்பளயத் தலைகீழா நட்டுக் குடுத்திருக்கீங்க? எங்க பண்ண வூட்டு அம்மா பாத்துட்டு நடுங்கிப் போயிட்டாங்க."

"தாலியறுத்தவளா? யாரு?" என்றார் மாமா.

"இந்தா, வெள்ளச் சீல. நெத்தியில பொட்டில்ல. நாங்கதான் தலைகீழா மாட்டிட்டமோன்னு திருப்பி மாட்டிப் பாத்தோம். அப்ப பனையும் நேரா நிக்கிது, அவளும் நேரா நிக்கிறா. அது இன்னும் மோசம். இறங்கி வந்து மோரு கேப்பா போல இருக்கு."

காரியஸ்தர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். கதவுக்குப் பின்னால் என் மாமியார் நின்றுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

அத்தை அதுவரை எங்கள் படங்கள் எதையும் நின்று பார்த்தவள் இல்லை. அன்றைக்கு வந்து, துணியை விலக்கி, குனிந்து பார்த்தாள். தண்ணீரின் நெளிவில் என் முகம் ஒரு கறுப்புத் தீற்றல்தான். நெற்றி எது, பொட்டு எது என்று தெரியாது. ஆனால் நிற்கும் நிலையை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் ஒரு தோளை உயர்த்தி நிற்பவள். திமிர் நிலை என்று அவளே சொல்வாள்.

"இது நம்ம வூட்டுப் புள்ளதான" என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் மவன் போயிட்டான். தண்ணி காட்டிக் குடுத்துருச்சு."

"அத்தே, நீலம் வெள்ளையா விழும். மாமா தெனம் சொல்றது உங்க காதுலயே விழுவுதே" என்றேன்.

"மத்தவளுக்கு வுழும். உனக்கு ஏன்டி வுழணும்?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளையாதான் விழும்" என்றார் மெதுவாக. மறுபடியும், "விழும்தான்..." என்று இழுத்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. ஒரு விஷயம் தெரிந்திருப்பது வேறு, பயப்படாமல் இருப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பாதி ஊருக்கு நீலத்தைப் பற்றிச் சொன்ன மனிதர், தன் மகன் விஷயத்தில் அந்தத் தகட்டை நம்பினார்.

வந்த வெள்ளிக்கிழமை அத்தை என்னைச் சிறுவாச்சூருக்கு அழைத்துப் போனாள், காளியிடம் பூக்கட்டிக் கேட்பதற்கு. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ் அது. மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பெரம்பலூரில் மாறி, சிறுவாச்சூர் போய்ச் சேரும்போது எங்கள் முகம் இரண்டும் கரியாக இருந்தது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் என்ன பதில் என்பதைக் கேட்கிறவர் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை வாய்விட்டே சொன்னாள். "வெள்ள வந்தா எம் புள்ள இருக்கான். செவப்பு வந்தா இல்ல."

ஒரு சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"வெள்ள! பாத்தியாடி, வெள்ள!"

"ஏம்மா, வெள்ள வந்தா நல்ல சேதின்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் பூசாரி குழம்பிப்போய்.

"சொன்னேன். அது பூ வர்றதுக்கு முன்னால. இப்ப வெள்ளதான வந்திருக்கு!"

அவளுக்கு எதிரே நின்றது பூ இல்லை, படத்தில் வெள்ளையாக விழுந்த என் சேலை. எந்தப் பூ வந்திருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு ஒரே பதில்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவாகச் சொன்னாள். தை பிறக்கும் முன் கொள்ளிடத்துக்குப் போய்ப் புல்லில் உருவம் செய்து எரித்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். காரியம் செய்யாத ஆவி பட்டினி கிடக்கும். என் தாலியைப் பற்றி அவள் தனியாகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லை.

"ஒரு ஆள் வந்து, நான் கண்ணால பாத்தேன், அவர் போயிட்டார்னு சொல்லட்டும். அன்னைக்கு யாரும் கை வைக்க வேணாம், நானே அவுத்துத் தரேன். ஒரு பிரிண்டுக்காக அவுக்க மாட்டேன்" என்றேன்.

"படிச்ச திமிரு."

"ஆமா அத்தே. படிச்ச திமிருதான்."

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழவில்லை.

ஆனால் வீட்டில் தேதி குறித்துவிட்டார்கள். மாமா தடுக்கவில்லை. என் அப்பாவுக்கும் ஆள் போனது. என் வாதம் எடுபடாது என்று தெரிந்தபின், முழுப் படத்தையும் காட்டுவது என்று தீர்மானித்தேன். வெட்டியது காகிதத்தைத்தான், தகடு அப்படியே இருந்தது. அதில் கரையில் நான் நிமிர்ந்து நிற்கிறேன், நெற்றியில் பொட்டோடு. அது உருவாகி வருவதை அத்தை தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"இருட்டுக்குள்ள எதுக்குடி கூப்பிடுற" என்று முனகிக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினேன். சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு மட்டும் எரிந்தது. சட்டத்தில் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்து வைத்தேன். சுவரில் இருந்த துவாரத்தின் அட்டையைத் தூக்கி வெளிச்சம் காட்டி மூடினேன். காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டேன். "இப்ப பாருங்க அத்தே, வரும்."

அவள் தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வீலென்று கத்தினாள்.

"பொட்டு எங்கடி? பொட்டு எங்க?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் குங்குமம் தெரியாது. எத்தனையோ தடவை அந்த அறையில் நின்றிருக்கிறேன். என் நெற்றியை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? அவள் முன்னால் நான் வெறும் நெற்றியோடு நின்றேன்.

அவள் கையைப் பிடித்து வெளியே, வெயிலுக்கு இழுத்து வந்தேன். "இப்ப பாருங்க."

பார்த்தாள். விரலால் என் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். சிவப்பு. என்னை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பொட்டு இல்லை. வெளியே கொண்டுவந்தாள். இருந்தது. இப்படிப் பலமுறை என்னை உள்ளும் புறமும் இழுத்தாள். கடைசியில் தன் நெற்றிக் குங்குமத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கும் உள்ள போனா இல்லையா?"

"உங்களுக்கும் இல்ல அத்தே. மாமா வாசல்ல நிக்கிறாரு. போய்ப் பாத்துக்கங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "எளவெடுத்த ரூமு" என்றாள்.

தட்டில் கிடந்த படம் அதற்குள் வேண்டியதைவிடக் கறுத்திருந்தது. ஆனாலும் கரையும் நானும் தெரிந்தோம். காய்ந்ததும் அத்தை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்து, கரைக் கோட்டோடு கோணல்மாணலாக வெட்டினாள். மாமா வெட்டிய அதே இடம். ஆனால் அவள் தண்ணீர்ப் பாதியை அடுப்பில் போட்டாள். கரையில் எருமையோடும் பொட்டோடும் நிற்கும் என்னை எடுத்துத் தன் மகனுடைய டிரங்குப் பெட்டியில் வைத்தாள். "அவன் வந்தா பாக்கட்டும்" என்றாள். தை பிறந்தது. கொள்ளிடத்துக்கு யாரும் போகவில்லை.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் திரும்பத் தொடங்கின. செந்துறைப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் வீட்டைக் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டி, காலில் ஆறாத புண்ணோடு இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். என் கணவரும் அவரும் ஒரே தோட்டம். ரயில் பாதை போடுவதற்கு என்று ஜப்பான்காரன் இருவரையும் சயாம் காட்டுக்கு இழுத்துப்போயிருக்கிறான்.

"மழ நிக்காத காடுங்க. வாந்தி பேதி. காலையில மண்ணு வெட்டுனவன் சாயங்காலம் இல்ல. நான்தான் பக்கத்துல இருந்தேன். என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"பாத போட்ட வருஷம், ஆடி மாசம் இருக்கும்."

ஏரிப் படம் எடுத்தது அதே வருஷம் கார்த்திகையில்.

வீட்டில் எல்லார் மனக்கணக்கும் எனக்குக் கேட்டது. நான் எருமைக்கு முன்னால் பெருமையோடு மூச்சைப் பிடித்து நின்றபோது அவர் மண்ணுக்குள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கடைசியில் அத்தைதான் சொன்னாள். "அன்னைக்கே சொல்லுச்சே."

"சொல்லல அத்தே" என்றேன். "நீலம் வெள்ளையா விழுந்துச்சு. அவர் செத்துப்போனார். ரெண்டுக்கும் ஒண்ணும் இல்ல."

இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவர் உயிரோடு திரும்பி வந்திருந்தாலும் அந்தச் சேலை அப்படித்தான் விழுந்திருக்கும். என்னை நம்புகிறவர்கள் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சொன்னபடி தாலியை நானே அவிழ்த்தேன். யாரும் கை வைக்க விடவில்லை. என் அப்பா விக்கிரமங்கலத்திலிருந்து வெள்ளைக் கோடி வாங்கி வந்திருந்தார். அதை நான் வாங்கவில்லை. உள்ளே போய் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். கூடியிருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி எழுந்து, "இதென்ன அக்கிரமம்" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டாள்.

அத்தை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வுடு. அவ எதக் கட்டுனாலும் இனிமே எங் கண்ணுக்கு வெள்ளதான். நீலத்தையே கட்டித் தொலைக்கட்டும்" என்றாள்.

இப்போது ஸ்டூடியோவில் வெட்டுகிற வேலையும் என்னிடம்தான். மாமா அந்த 'ட' அட்டைகளை அதற்குப் பிறகு தொடவில்லை. அந்தத் தகட்டையும் ஒரு நாள் சோடா உப்புப் போட்டுக் கழுவி, யாருடைய கல்யாணப் படத்துக்கோ மேல் கண்ணாடியாக்கிவிட்டார். பண்ணையார் வேண்டாம் என்ற தண்ணீர்ப் பாதி என் பெட்டியில் இருக்கிறது. கரைப் பாதி அத்தையின் காவலில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அவளும் எடுத்துக் கொடுத்ததில்லை.